டேட்டனும் டோவரும்: பரிணாமம் நீதிமன்றம் ஏறிய இரண்டு வழக்குகள்

பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பிக்கலாமா, எப்படிக் கற்பிப்பது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பலமுறை விசாரித்திருக்கின்றன. அவற்றில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட வழக்குகள் இரண்டு. முதலாவது 1925 ஜூலையில் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில் நடந்தது. ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் அதில் குற்றம் சாட்டப்பட்டவர். இரண்டாவது பென்சில்வேனியாவின் டோவர் பகுதிப் பள்ளி தொடர்பாக 2005 செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஹாரிஸ்பர்க் நகரில் நடந்தது. அதில் பதில் சொல்ல நிறுத்தப்பட்டது பள்ளி வாரியம். வழக்குத் தொடுத்தவர்கள் 11 பெற்றோர்.

இவ்விரண்டையும் ஒரே கதையின் தொடக்கமும் முடிவுமாகச் சொல்வது வழக்கம். முன்னதில் அறிவியல் தோற்றது, பின்னதில் வென்றது, நடுவே 80 ஆண்டு வளர்ச்சி என்பது அந்தக் கதை. இரு வழக்குகளின் ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் இந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் நேராவதில்லை. இடைப்பட்ட காலத்தில் மாறியவை மூன்று: அறிவியலுக்கு நீதிமன்றத்தில் கிடைத்த இடம், அதை எதிர்த்தவர்கள் பேசிய மொழி, ஆசிரியர் நின்ற நிலை. முதல் இரண்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மூன்றாவதுதான் பாடம் வகுப்பறைக்குள் நுழைகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

வழக்கு பிறந்த விதம்

டேட்டன் வழக்கு ஒரு மருந்துக்கடையில் உருவானது. ஜான் வாஷிங்டன் பட்லர் என்ற விவசாயி டென்னசி சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடை செய்யும் மசோதாவை 1925 ஜனவரியில் அவர் கொண்டுவந்தார். கீழவையில் 71க்கு 5 என்ற வாக்கில் அது நிறைவேறியது. மார்ச் மாதம் ஆளுநர் ஆஸ்டின் பே கையெழுத்திட்டார். மீறினால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். இந்தச் சட்டத்தை எதிர்த்து யாராவது வழக்காட முன்வந்தால் செலவை ஏற்பதாக நியூயார்க்கிலிருந்து அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் பத்திரிகைகளில் அறிவித்தது.

டேட்டனில் அப்போது சுமார் 1,800 பேர் இருந்தார்கள். நிலக்கரி, இரும்புத் தொழில் சரிந்து ஊர் நொடித்துக் கிடந்தது. மே 5ஆம் தேதி ராபின்சன் மருந்துக்கடையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி, அந்த வழக்கு தங்கள் ஊரில் நடந்தால் நாலு பேர் வருவார்கள், வியாபாரம் நடக்கும் என்று பேசி முடித்தார்கள். கடைக்காரர் ராபின்சன்தான் மாவட்டக் கல்வி வாரியத்தின் தலைவர். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஸ்கோப்ஸை ஆள் விட்டு அழைத்தார்கள். அவர் கால்பந்துப் பயிற்சியாளர். கணக்கும் இயற்பியலும் நடத்துபவர். உயிரியல் ஆசிரியர் வராத நாட்களில் அந்த வகுப்பைக் கவனித்துக்கொண்டவர். சட்டத்தை மீறியவராகப் பெயர் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். அவரும் சரி என்றார்.

டோவரில் யாரும் வழக்கை விரும்பி வரவழைக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய உயிரியல் பாடநூல் வாங்க வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த நூல் கென்னத் மில்லரும் ஜோசப் லெவைனும் எழுதியது. அதில் டார்வின் வாடை தூக்கலாக இருக்கிறது என்று வாரிய உறுப்பினர் வில்லியம் பக்கிங்ஹாம் 2004 கோடையில் ஆட்சேபித்தார். இழுபறி நீடித்தது. அக்டோபர் 18ஆம் தேதி வாரியம் 6க்கு 3 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி, பரிணாமப் பாடம் தொடங்கும் முன் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். டார்வின் கொள்கையில் இடைவெளிகள் இருக்கின்றன, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற மாற்று விளக்கம் ஒன்று உண்டு, விரும்புவோர் ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற நூலைப் பார்க்கலாம் என்பது அந்த அறிக்கையின் சாரம். டிசம்பரில் டாமி கிட்ஸ்மில்லர் முதலிய பெற்றோர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

ஆக, முதல் வழக்கு திட்டமிட்டு அரங்கேற்றியது. இரண்டாவது ஊருக்குள் மூண்ட உண்மையான சண்டை. தோற்பதற்காகவே தொடுத்த வழக்குக்கும் வென்றே ஆகவேண்டிய வழக்குக்கும் உள்ள வேறுபாடு விசாரணை முழுக்கத் தெரிந்தது.

சட்டத்தின் தரை

டேட்டனில் நடந்தது மாநிலக் குற்றவியல் வழக்கு. மதத்தை நிறுவ அரசுக்கு அதிகாரமில்லை என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் சொல்வது உண்மை. ஆனால் அந்தத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1947இல்தான். ஆகவே 1925இல் ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவுக்குக் காலூன்றச் சட்டத்தில் உறுதியான இடமில்லை. பள்ளி அரசுடையது, ஆசிரியர் அரசின் ஊழியர், சம்பளம் கொடுப்பவர் பாடத்தைத் தீர்மானிக்கிறார் என்ற அரசுத் தரப்பு வாதம் அன்றைய சட்டத்தில் பலமாகவே நின்றது.

டோவருக்குள் நீதிமன்றங்கள் பல படிகள் ஏறியிருந்தன. பரிணாமத்தைத் தடை செய்த ஆர்கன்சாஸ் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1968இல் ரத்து செய்தது. தடை போனதும் எதிர்ப்பாளர்கள் சம நேரம் கேட்டார்கள்: பரிணாமத்தைக் கற்பித்தால் ‘படைப்பு அறிவியலையும்’ சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்றது லூசியானா சட்டம். அதையும் 1987இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தள்ளியது. இடையே 1971இல் ஒரு அளவுகோலும் வகுக்கப்பட்டிருந்தது. அரசின் செயலுக்கு மதச்சார்பற்ற நோக்கம் உண்டா, அதன் முதன்மை விளைவு மதத்தை வளர்ப்பதா என்று அதன்படி பார்க்க வேண்டும். நோக்கம் என்று வந்துவிட்டால் வாரிய உறுப்பினர்கள் கூட்டங்களில் என்ன பேசினார்கள், புத்தகத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் சாட்சியமாகிவிடும். டோவர் வாரியம் சறுக்கியது அங்கேதான்.

வாசலில் நின்ற அறிவியல், உள்ளே வந்த அறிவியல்

டேட்டனுக்குப் பல்கலைக்கழகங்களிலிருந்து அறிவியலாளர்களை டாரோ தரப்பு வரவழைத்திருந்தது. பரிணாமம் என்றால் என்ன என்று ஜூரிக்கு விளக்கிவிட்டால், பைபிளுக்கும் அதற்கும் முரண்பாடு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை எனக் காட்டலாம் என்பது திட்டம். நீதிபதி ஜான் ரால்ஸ்டன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆசிரியர் அந்தப் பாடத்தை நடத்தினாரா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அது உண்மையா பொய்யா என்பது கேள்வியில்லை என்றார். விலங்கியலாளர் மேனார்ட் மெட்காஃப் ஒருவர் மட்டும் கூண்டேறினார், அதுவும் ஜூரியை வெளியே அனுப்பிய பிறகு. மற்றவர்களின் வாக்குமூலங்கள் எழுத்தில் பதிவாயின. பரிணாமத்துக்காக நடந்த மிகப் பெரிய வழக்கில் பரிணாமத்தைப் பற்றி ஜூரி ஒரு நிபுணரின் பேச்சையும் கேட்கவில்லை.

அறிவியலுக்கு அடைபட்ட கூண்டில் மதம் ஏறியது. ஜூலை 20ஆம் தேதி வெயில் தாங்காமலும், கூட்டத்தின் பாரத்தில் தளம் இறங்கிவிடுமோ என்ற பயத்தாலும் விசாரணை நீதிமன்றப் புல்வெளிக்கு மாறியது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவரான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே பைபிள் நிபுணராகச் சாட்சி சொல்ல அழைத்தார் டாரோ. மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர், முன்னாள் வெளியுறவு அமைச்சர். மறுக்காமல் வந்து உட்கார்ந்தார். யோனாவை மீன் விழுங்கியதா, யோசுவாவுக்காகச் சூரியன் நின்றதா, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. ஆதியாகமம் சொல்லும் படைப்பின் நாள் ஒவ்வொன்றும் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை, நீண்ட காலமாகவும் இருக்கலாம் என்று பிரையன் ஒப்புக்கொண்டபோது அவருடைய ஆதரவாளர்களே திகைத்தார்கள். மறுநாள் இந்தச் சாட்சியம் முழுவதையும் பதிவிலிருந்து நீக்கினார் நீதிபதி. உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் அந்தக் காட்சிக்குத் தீர்ப்பில் இம்மியளவு பங்கும் கிடையாது.

ஹாரிஸ்பர்க்கில் ஜூரி கிடையாது. நீதிபதி ஜான் ஜோன்ஸ் முன்னால் ஆறு வாரம் நடந்தது கிட்டத்தட்ட ஓர் உயிரியல் வகுப்பு. பாடநூலாசிரியர் மில்லர் முதல் சாட்சி. குரங்கினங்களில் நமக்கு நெருங்கிய கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 இணை குரோமோசோம்கள், மனிதனுக்கு 23. பொது மூதாதை உண்மையானால் அந்த ஒரு இணை எங்கே போனது? தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் அதற்குத் தடயம் இருக்க வேண்டும். குரோமோசோமின் இரு முனைகளிலும் மட்டுமே இருக்கவேண்டிய டெலோமியர் வரிசைகள் மனிதனின் 2ஆம் குரோமோசோமின் நடுவில் இருக்கின்றன. சென்ட்ரோமியர் ஒன்றுதான் இருக்க வேண்டும், ஆனால் அதில் இரண்டாவதன் எச்சமும் இருக்கிறது. ஒரு கொள்கை முன்கூட்டியே சொன்னதைத் தேடிப் போய்க் கண்டுபிடித்த கதை இது. ‘வெறும் கொள்கைதானே’ என்ற அறிக்கையின் தொனிக்கு இதைவிடத் தெளிவான பதில் நீதிமன்றத்தில் வரவில்லை.

எதிர்த்தரப்பின் முதன்மைச் சாட்சி லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹி. பாக்டீரியாவின் கசையிழை, இரத்தம் உறையும் தொடர்வினை, நோய்த்தடுப்பு அமைப்பு போன்றவை ஓர் உறுப்பை எடுத்தாலும் செயலிழந்துவிடும், ஆகவே அவை படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். நோய்த்தடுப்பு அமைப்பின் தோற்றத்தைப் பற்றி அறிவியல் நூல்களில் விடையே இல்லை என்று அவர் எழுதியிருந்தார். பெற்றோர் தரப்பு வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்ட் அதே பொருளில் வந்த 58 ஆய்வுக் கட்டுரைகளையும் ஒன்பது நூல்களையும் பாடநூல் அத்தியாயங்கள் சிலவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் முன் அடுக்கினார். இவை போதாது என்றார் பெஹி. அறிவியல் கொள்கைக்கு அவர் கொடுத்த தளர்வான இலக்கணப்படி பார்த்தால் சோதிடமும் அதில் அடங்குமே என்று கேட்டபோது, அடங்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இதே பெஹி உயிர்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பதை ஏற்பவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு புத்தகங்கள்

இரண்டு வழக்குகளிலும் ஒரு புத்தகம் மையத்தில் இருந்தது. டேட்டனில் அது ஜார்ஜ் வில்லியம் ஹண்டர் எழுதிய ‘எ சிவிக் பயாலஜி’. டென்னசி அரசே அங்கீகரித்த பாடநூல், ராபின்சன் கடையிலேயே விற்பனைக்கு இருந்தது. அரசு ஒரு கையால் கொடுத்த பாடத்தை மறு கையால் குற்றமாக்கியிருந்தது. அதில் உயிரினங்களின் வகைகளை வட்டங்களாகக் காட்டும் ஒரு படம் உண்டு. மனிதனுக்குத் தனி வட்டம் கிடையாது. 3,500 பாலூட்டிகள் அடங்கிய சிறு வட்டத்துக்குள் அவனும் ஒருவன். பிரையன் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக் காட்டி, மற்ற 3,499 பாலூட்டிகளோடு மனிதனைப் பூட்டி வைத்திருப்பதாகக் கேலி செய்தார்.

அந்த நூலில் இன்று யாரும் ஏற்காத பக்கங்களும் உண்டு. மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சத்தில் வைக்கிறது. சில குடும்பங்களை ஒட்டுண்ணிகள் என்று சொல்லி, அவர்கள் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்கிறது. அறிவியலின் பக்கம் என்று நாம் நினைக்கும் தரப்பு கையில் பிடித்திருந்த புத்தகம் இது. டேட்டனில் வெளிச்சம் ஒரு பக்கமும் இருள் மறுபக்கமும் நின்றதாகச் சொல்பவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

டோவரின் ‘பாண்டாஸ்’ நூலுக்கு வேறு வகைச் சிக்கல். லூசியானா மாநிலத் தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட், நீதிமன்ற உத்தரவு மூலம் பெறப்பட்ட அதன் பழைய கைப்பிரதிகளை ஒப்பிட்டுக் காட்டினார். 1987 தீர்ப்புக்கு முந்திய பிரதிகளில் ‘படைப்பு’, ‘படைப்புவாதிகள்’ என்று இருந்த இடங்களில், தீர்ப்புக்குப் பிந்திய பிரதிகளில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ வந்து உட்கார்ந்திருந்தது. ஏறக்குறைய 150 இடங்கள். விளக்கமோ அப்படியே இருந்தது. ஓரிடத்தில் அவசரத்தில் ஒட்டியதால் பழைய சொல்லின் தலையும் வாலும் மிஞ்சி, புதுச் சொல் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

எதிர்த்தவர்களின் மொழி

பிரையனைக் கோமாளியாக்கிப் பார்ப்பது எளிது. 1955இல் வந்த ‘இன்ஹெரிட் தி விண்ட்’ நாடகமும் அதன் திரைப்படமும் அதைத்தான் செய்தன. உண்மையில் அவர் பெண்களுக்கு வாக்குரிமை, வருமான வரி போன்ற சீர்திருத்தங்களுக்காகப் பாடுபட்ட அரசியல்வாதி. முதல் உலகப் போரில் ஜெர்மானிய அதிகாரிகள் வலியதே வாழும் என்ற பேச்சைப் படையெடுப்புக்கு நியாயமாக்கினார்கள் என்று வெர்னான் கெலாக் என்ற உயிரியலாளர் எழுதியதைப் படித்து அவர் கலங்கியிருந்தார். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நம்பிக்கை இழக்கிறார்கள் என்ற ஆய்வும் அவரை உறுத்தியது. இவற்றுக்குத் தடைச் சட்டம் மருந்தாகுமா என்பது வேறு கேள்வி. அந்தச் சட்டத்தில் தண்டனை வேண்டாம் என்றுகூட அவர் ஆலோசனை சொல்லியிருந்தார். அவருடைய வாதத்தில் மறைப்பு இருக்கவில்லை: பெற்றோர் வரி கட்டுகிறார்கள், அவர்களில் பெரும்பான்மையோர் வேதத்தை நம்புகிறார்கள், ஆகவே பள்ளி அதற்கு எதிராகப் போகக் கூடாது.

டோவர் வாரியத்தால் அப்படித் திறந்து பேச முடியவில்லை. வழிக்குக் குறுக்கே 1968, 1987 தீர்ப்புகள் நின்றன. மதம் என்று சொன்னால் வழக்கு தோற்கும். ஆகவே எல்லாம் அறிவியல் கல்வியின் நலனுக்காகவே என்றார்கள். படைப்புவாதத்தைப் பற்றித் தாம் பேசியதே இல்லை என்று பக்கிங்ஹாம் சத்தியம் செய்து சொல்லியிருந்தார். உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு அவர் அளித்த பேட்டியை நீதிமன்றத்தில் ஓடவிட்டார்கள். அதில் படைப்புவாதம் என்ற சொல்லை அவரே சொல்லியிருந்தார். ‘பாண்டாஸ்’ பிரதிகளை யார் நன்கொடையாகத் தந்தார்கள் என்று தெரியாது என்று அவரும் வாரிய உறுப்பினர் ஆலன் பான்சலும் முன்பு சொல்லியிருந்தார்கள். தம் தேவாலயத்தில் பக்கிங்ஹாம் 850 டாலர் திரட்டி, காசோலையைப் பான்சலின் தந்தை பெயருக்கு அனுப்பியது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. நீதிபதியே குறுக்கிட்டுப் பான்சலைக் கேள்வி கேட்டார். மத நம்பிக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களே அதை மறைக்கப் பொய் சொன்னதைத் தீர்ப்பில் அவர் கடிந்து எழுதினார்.

80 ஆண்டு இடைவெளியை அளக்க இதைவிட நல்ல கோல் இல்லை. 1925இல் அறிவியலை எதிர்க்க வேதம் போதும். 2005இல் அறிவியலை எதிர்ப்பதற்கும் அறிவியலின் பெயரையே கடன் வாங்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. எதிர்ப்பவர்களும் அறிவியலின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள்.

நம்பிக்கையாளர்கள் இரு பக்கமும்

அறிவியல் ஒரு பக்கம், மதம் ஒரு பக்கம் என்ற பிரிவு இரண்டு ஊர்களிலுமே உண்மையில்லை. டேட்டனில் ஸ்கோப்ஸ் தரப்புக்கு வாக்குமூலம் தந்தவர்களில் சிகாகோ இறையியல் பேராசிரியர் ஷெய்லர் மாத்யூஸும், பாப்டிஸ்ட் கிறிஸ்தவரான ஹார்வர்டு புவியியலாளர் கெர்ட்லி மாதரும் உண்டு. டோவரில் மில்லர் கத்தோலிக்கர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹாட் பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்னார். பெற்றோரிலும் தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் இருந்தார்கள். நீதிபதி ஜோன்ஸ் லூத்தரன் சபைக்காரர், குடியரசுக் கட்சிக்காரர், ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். வாதிகளை நாத்திகர்கள் என்று ஏசியவர்கள் இருந்தார்கள். வழக்கு ஆவணங்கள் அதை ஆதரிக்கவில்லை.

பெரும்பான்மையின் விருப்பம் என்ற வாதமும் டோவரில் தலைகீழானது. விசாரணை முடிந்து நான்கு நாட்களில், நவம்பர் 8ஆம் தேதி, வாரியத் தேர்தல். போட்டியிட்ட பழைய உறுப்பினர் எட்டுப் பேரும் தோற்றார்கள். நீதிபதி பேனாவைத் திறக்கும் முன்பே ஊர் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டது. டிசம்பர் 20ஆம் தேதி வந்த 139 பக்கத் தீர்ப்பு, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ அறிவியல் அல்ல என்றும், இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை அழைக்கும் எதுவும் அறிவியலின் அடிப்படை விதியையே மீறுகிறது என்றும் சொன்னது. புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. எதிர்த்தரப்புக்குத் தரவேண்டிய செலவு மட்டும் சுமார் 10 லட்சம் டாலர். நீதிபதிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவருக்குக் காவல் போட வேண்டியிருந்தது.

ஆசிரியர் எங்கே நின்றார்?

இனி அந்த மூன்றாவது மாற்றத்துக்கு வரலாம். டேட்டன் வழக்கின் பெயரே ஸ்கோப்ஸ் வழக்கு. ஆனால் அந்த எட்டு நாள் விசாரணையில் ஸ்கோப்ஸ் கூண்டேறவே இல்லை. பரிணாமப் பாடத்தை உண்மையில் நடத்தினோமா என்பதே தமக்கு உறுதியில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். குற்றவாளி என்றே தீர்ப்பு சொல்லுங்கள், மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று ஜூரியிடம் டாரோவே கேட்டார்; ஒன்பது நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. 100 டாலர் அபராதம். ஐந்து நாள் கழித்து டேட்டனிலேயே தூக்கத்தில் பிரையன் இறந்தார். 50 டாலருக்கு மேல் அபராதத்தை ஜூரிதான் விதிக்க வேண்டும், நீதிபதி விதித்தது செல்லாது என்று 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது, சட்டத்தையோ தொடவில்லை. ஸ்கோப்ஸ் படிக்கப் போய்ப் புவியியலாளரானார். பள்ளிக்குத் திரும்பவில்லை.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை டாரோவுக்கு வெற்றி. வகுப்பறையில் நடந்தது வேறு. மிசிசிப்பியும் ஆர்கன்சாஸும் அதே வகைச் சட்டம் போட்டன. வம்பை விலைக்கு வாங்க விரும்பாத பதிப்பகங்கள் பாடநூல்களில் பரிணாமத்தை ஓரங்கட்டின. ஹண்டர் நூலின் 1926 திருத்தப் பதிப்பில் பரிணாமம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டபிறகு, அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற பதற்றத்தில்தான் புதிய உயிரியல் பாடநூல்கள் எழுதப்பட்டு அந்தப் பாடம் திரும்ப வந்தது. பட்லர் சட்டம் 1967 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

டோவரில் அறிவியல் ஆசிரியர்கள்தான் முதல் தடுப்பணை. அறிக்கையை வாசிக்க மாட்டோம் என்று 2005 ஜனவரியில் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பாடப்பொருளை ஆசிரியர் தெரிந்தே திரித்துச் சொல்லக் கூடாது என்ற பென்சில்வேனியா ஆசிரியர் நடத்தை விதியை மேற்கோள் காட்டினார்கள். அதை வாசித்தால் தம் மாணவர்களுக்குத் தாமே தவறானதைக் கற்றுக்கொடுத்ததாகும் என்பது அவர்கள் நிலை. வேறு வழியின்றி நிர்வாகிகள் வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள். மதமா அறிவியலா என்ற பெரிய தத்துவச் சண்டையில் அவர்கள் இறங்கவில்லை. தொழிலின் ஒழுக்கம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். டேட்டனில் வழக்குக்காக ஆசிரியரைத் தேடிப் பிடித்தார்கள். டோவரில் ஆசிரியர்கள் மறுத்ததில்தான் வழக்கின் நியாயமே துலங்கியது.

தீர்ப்பு எட்டாத இடம்

டோவர் தீர்ப்பு மாவட்ட நீதிமன்றத்தினுடையது. மேல்முறையீடு இல்லாததால் அந்த எல்லைக்கு வெளியே அது கட்டளையாகாது, எடுத்துக்காட்டு மட்டுமே. அது சாய்ந்து நின்ற 1971ஆம் ஆண்டு அளவுகோலை உச்ச நீதிமன்றமே 2022இல் கைவிட்டது. இனி இதே வழக்கு வந்தால் இதே பாதையில் போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. டென்னசியும் 2012இல் இன்னொரு சட்டம் போட்டது: பரிணாமம் போன்ற கொள்கைகளின் பலங்களையும் பலவீனங்களையும் பேசும் ஆசிரியரைத் தடுக்கக் கூடாது. 1925இல் ஆசிரியரின் வாயைக் கட்டிய மாநிலம் இப்போது அதே ஆசிரியரின் சுதந்திரத்தின் பெயரால் பேசுகிறது. ஆளுநர் அதில் கையெழுத்திடவில்லை. இருந்தும் அது சட்டமானது.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது ஓர் ஆய்வு. மைக்கேல் பெர்க்மன், எரிக் பிளட்சர் என்ற அரசியல் அறிவியலாளர்கள் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்கள் 926 பேரிடம் 2007இல் கேட்டறிந்து, முடிவை 2011இல் வெளியிட்டார்கள். பரிணாமத்தைத் தெளிவாக, உயிரியலின் அடித்தளமாகக் கற்பிப்பவர்கள் சுமார் 28 விழுக்காடு. படைப்புவாதத்தை வெளிப்படையாக ஆதரிப்பவர்கள் சுமார் 13 விழுக்காடு. மீதி சுமார் 60 விழுக்காட்டினர் இரண்டுக்கும் இடையில், யார் மனமும் நோகாமல் பாடத்தை மேலோட்டமாகத் தாண்டுகிறவர்கள். டோவர் தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. அந்த 60 விழுக்காட்டினரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, எந்த வாரியமும் மிரட்டவில்லை. பெற்றோர் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கமும், கேள்வி வந்தால் பதில் சொல்லும் அளவுக்குத் தமக்கே பாடத்தில் பிடிப்பில்லை என்ற கூச்சமும் போதுமானவையாக இருந்தன.

அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் இரு வழக்குகளின் வெற்றி தோல்விக் கணக்கு மாறிவிடுகிறது. டேட்டனில் அறிவியல் சட்டத்தில் தோற்றது என்பதைவிட, அந்தப் பாடத்துக்காக உறுதியாக நிற்கும் ஆசிரியர்களும் பதிப்பகங்களும் இல்லாமல் தோற்றது என்பதே சரி. டோவரில் வென்றதற்கும் காரணம் சட்டம் மட்டுமல்ல. படித்ததைத் திரிக்க மறுத்த சில ஆசிரியர்கள் வழக்குக்கு முன்பே நின்றிருந்தார்கள். நீதிமன்றம் ஒரு பொய்யான அறிக்கையை வகுப்பறைக்குள் வராமல் தடுக்கலாம். ஒரு பாடத்தை நன்றாக நடத்தும்படி உத்தரவிட அதனால் முடியாது. பரிணாமம் பற்றிய அடுத்த பெரிய வழக்கு எந்த ஊரில் வரும், யார் வெல்வார்கள் என்று ஊகிப்பதைவிட, இந்த ஆண்டு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவருகிறவருக்குக் குரோமோசோம் 2 பற்றி மாணவனுக்கு விளக்கத் தெரியுமா என்று கேட்பது பயனுள்ளது.